மாடி ஏறிய மெழுகுவத்தி

அன்பு மாப்பிள்ளை அமலதாஸ்,

நீ இருக்கும் இடத்தில் கீபோர்டு இருக்காது. அங்கே யாழும் எக்காளமும்தான் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அதை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறாய்? பொத்தானை அமுக்கினால் தாளம் வராதே, என்ன செய்கிறாய்?

கோபப்படாதே. சண்டை போட இதை எழுதவில்லை. சந்தோஷமான சேதி ஒன்று இருக்கிறது. கல்லறைக்கு வந்து காதோடு சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நீ என்னிடம் சொன்னதை முப்பது பேர் முன்னால் சொன்னாய். அதனால் நானும் இதை நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் சொல்வேன். படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். உன் அக்கா லூர்துமேரியைக் கட்டியவன். நீ நம் பெரிய கோயிலின் பாடகர் குழுவை நடத்தியவன், நல்ல வயலின்காரன். கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் என்னைக் கோயில் வாசலுக்கு மேலே இருக்கிற பாடகர் மாடிக்குக் கூட்டிப்போய் மூலையில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினாய். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் விட்டுப்போனது. சவப்பெட்டி என்று நினைத்துக் கோயில்பிள்ளை அதன் பக்கத்தில் விளக்குமாற்றைக்கூடக் கொண்டுபோக மாட்டார். நான்தான் திறந்தேன். உள்ளே செல்லோ இருந்தது. வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி, உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற வாத்தியம்.

பெட்டிக்குள் ஒரு புத்தகமும் இருந்தது. என்ன பாஷை என்று பங்குச்சாமியாருக்கே தெரியவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வில் பிடிக்கிற படத்தில் கட்டைவிரல் மறைந்திருந்தது. அதனால் நான் அரம் பிடிக்கிற மாதிரி வில்லைப் பிடித்தேன். இன்றைக்கும் அப்படித்தான். தப்பு என்று பிறகு பலபேர் சொன்னார்கள். சத்தம் சரியாக வந்தது, நான் மாற்றவில்லை.

செல்லோவின் அடியில் ஒரு கூரான கம்பி இருக்கும். அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். நம் மாடித் தரையோ காவி போட்டு இழைத்த சிமெண்டு. இரண்டு வரி வாசிப்பதற்குள் கம்பி வழுக்கி வாத்தியம் ஓடிவிடும். அதற்காக நான் லேத்தில் ஒரு கிண்ணி கடைந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற கன்மெட்டல் கிண்ணி (ஒரு வகை வெண்கலம்), அடியில் பம்ப்புக்குப் போடுகிற ரப்பர் வாஷர். கம்பியின் முனை அதற்குள் உட்கார்ந்துவிட்டால் யானை இழுத்தாலும் நகராது. அதைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? "மாமா, வாத்தியத்த விட இது நல்லா இருக்குதுங்க." அந்தக் காலத்தில் உனக்கு வாயில் நல்ல வார்த்தை வந்தது.

அப்புறம் கீபோர்டு வந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை. நீ வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாய். நான் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்.

"மாமா, இந்தப் பாட்டுக்கு நீங்க சும்மா உக்காந்துக்குங்க. பேஸ் இதுலயே வந்துருதுங்க."

பேஸ் என்றால் பாட்டுக்கு அடியில் ஓடுகிற கீழ்ச்சுரம், என் செல்லோவின் வேலை. யாரோ சிரித்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. செல்லோவைச் சுவரலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை உன் கீபோர்டு மேல் வைத்தேன். அது டொய்ங் என்றது. "இனி இந்தப் படிய மிதிச்சா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பதினெட்டு வருடம் மிதிக்கவில்லை. பாட்டு இல்லாத காலை ஆறு மணிப் பூசைக்குத்தான் போனேன். உன்னோடு பேசாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாய். பிரியாணியைப் பற்றிப் பேசினோம், பம்ப்பைப் பற்றிப் பேசினோம். செல்லோவைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு தடவை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "மேல ஒருக்கா வந்துட்டுப் போங்க மாமா" என்றாய். "எதுக்கு, சும்மா உக்காரவா?" என்றேன். நீ கேட்டைச் சாத்திவிட்டுப் போனாய்.

அன்றைக்கு நீ எதைக் காட்ட என்னைக் கூப்பிட்டாய் என்று போன சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

கேள். சென்ற மாதம் கோயில் வாசலில் ஒரு விளம்பரம் வைத்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஐரோப்பியச் செவ்வியல் இசை, சென்னையிலிருந்து நால்வர். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா ஒன்று, ஒரு செல்லோ. நடத்துகிறவர்கள் சரவணம்பட்டிப் பக்கம் உள்ள ஒரு நிகழ்ச்சிக் கம்பெனி. பங்கின் வயதானவர்களுக்கென்று பங்குச்சாமியார் கடைசிப் பெஞ்சுகளைக் கேட்டு வாங்கியிருந்தார்.

எனக்குப் போக மனமில்லை. உன் அக்காதான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, மாடி ஏறமாட்டேன்னுதான சொன்னீங்க? கீழ உக்காந்து கேட்டா உங்க சபதம் தேஞ்சா போயிரும்?"

"நான் போகலைன்னு எப்பச் சொன்னேன்?"

"அப்ப வெள்ளை வேட்டிய எடுத்து வெக்கட்டுங்களா?"

"எனக்கு எடுத்துக்கத் தெரியும்."

மெழுகுவத்தி வெளிச்சம் என்று போட்டிருந்தது அல்லவா? நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா பூசைக்குப் போகிற மாதிரி ஆளுக்கொரு மெழுகுவத்தியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அன்றைக்குக் கோயிலின் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். வாசலில் நெருப்பு மூட்டி, ஒரே ஒரு பெரிய மெழுகுத்திரியை ஏற்றிக்கொண்டு சாமியார் இருட்டுக்குள் நடந்து வருவார். அதிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று கோயில் முழுக்க நெருப்பு பரவும். அந்தப் பழக்கம். மெழுகு கையில் சொட்டாமல் இருக்க அட்டை வட்டம் செருகிய மெழுகுவத்திகள் எல்லார் பையிலும். என் ஜிப்பாப் பையில் இருந்தது, இந்த ஈஸ்டரில் பாதி எரிந்த மிச்சம்.

வாசலில் கறுப்புப் பனியன் போட்ட ஒரு பெண் எங்களை நிறுத்தினாள்.

"தாத்தா, உள்ள நெருப்பு பத்தவைக்கக் கூடாது. கேண்டில் எல்லாம் நாங்களே வெச்சிருக்கோம். பேட்டரில எரியுது."

"எரியுதா, எரியற மாதிரி நடிக்குதா அம்மணி?"

"சேஃப்டி தாத்தா. பாருங்க, தீயணைப்பு சிலிண்டர் வேற வெச்சிருக்கோம்."

"எரியாத மெழுகுவத்திக்கு எதுக்கு சிலிண்டரு?"

உன் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

உள்ளே போனேன். மறைக்க மாட்டேன் மாப்பிள்ளை, அழகாக இருந்தது. பீடத்தில் இருக்கும் நற்கருணை அப்பத்தைக் கச்சேரிக்காகப் பக்கச் சிற்றாலயத்துக்கு மாற்றியிருந்தார்கள். பீடத்துப் படிகள், தூண்களின் அடி, நடுப்பாதையின் இரண்டு ஓரம், எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன மஞ்சள் வெளிச்சம். வெளியே இருட்டுகிற நேரம். வண்ணக் கண்ணாடியில் அந்தோணியார் பாதி தெரிந்தார், பாதி மறைந்தார். எழுபது வருடமாகப் பார்த்த கூரை இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசிப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என் இடம் மூன்றாவது தூண் பக்கம், உனக்குத் தெரியும். அங்கேயே போய் உட்கார்ந்தேன். பனியன் பெண் ஓடிவந்தாள். அந்த இடத்துக்கு ஒருவர் சீட்டு வாங்கியிருக்கிறாராம். அவரும் வந்து நின்றார். காரமடையில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறவர், பாதி மீசை நரைத்த ஒரு கவுண்டர்.

"இருக்கட்டுமுங்க அம்மணி," என்றார் அவர். "பெஞ்சு நீளமாத்தான இருக்குது? பெரியவரு பாவம், நவுந்து உக்காந்துக்கறோம். பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

"பாட்டு இல்லீங்க, வாசிப்பு மட்டும்தானுங்க," என்றேன்.

"அப்படிங்களா? மக டிக்கெட் எடுத்துக் குடுத்துப்போட்டு வரலைன்னுட்டாளுங்க. நானும் ஆரு பாடறாங்கன்னு கேக்காமயே பஸ் ஏறிட்டேன்."

நால்வரும் பக்கவாட்டு வாசலிலிருந்து வரிசையாக வந்தார்கள். கடைசிப் பெஞ்சில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேரும் பூசை தொடங்கச் சாமியார் உள்ளே வருகிற பவனி என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பாட்டி சிலுவை அடையாளம்கூடப் போட்டார். அவர்கள் நிற்பதைப் பார்த்து, அப்படித்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது என்று முன்னால் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளும் எழுந்தார்கள். வந்தவர்களுக்குப் பயங்கர சந்தோஷம். சென்னையில்கூட இப்படி மரியாதை கிடைத்திருக்காது.

செல்லோ வாசித்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தாள். அவள் முதல் தடவை வில்லை இழுத்தாள். அந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன்னால் பெஞ்சுப் பலகை வழியாக என் தொடையில் ஏறியது. பதினெட்டு வருடம் கழித்து. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே வயலின்கள் ஓடி விளையாடின. எல்லார் கண்ணும் அவர்கள் மேல்தான். இவள் கீழே நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு இடத்தில் அவள் வில்லை எடுத்ததும் மற்ற மூன்றும் அந்தரத்தில் நின்றன, தரை இல்லாத வீடு மாதிரி. மறுபடி அவள் தொட்டதும் வீட்டுக்குள் வந்த நிம்மதி. இதைத்தான் மாப்பிள்ளை நான் உன்னிடம் சொல்ல வந்தேன். பொத்தானை அமுக்கினால் சத்தம் வரும். இப்படிக் காத்திருந்து வருமா?

இரண்டாவது உருப்படியில்தான் அது நடந்தது. செல்லோவின் கம்பி வழுக்கியது. அவள் முழங்காலால் பிடித்துக்கொண்டு, இழுத்து வைத்து வாசித்தாள். மறுபடி வழுக்கியது. ஒரு தடவை கழுத்தையே பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரைக்கு கிரானைட் போடப் போகிறோம் என்று சொன்னபோது, வழுக்கும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கூட்டத்தில் நீயும் இருந்தாய். "மாமா எல்லாத்துக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவாரு" என்று சொன்னவன் நீதான். சொன்னாயா இல்லையா?

அந்த உருப்படி முடிந்ததும் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள். கம்பியைக் கட்டி வைக்கிற வாரை அந்தப் பெண் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பனியன் பெண் கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்தாள், பிய்ந்தது. மிதியடி கொண்டுவந்து போட்டாள், மிதியடியும் சேர்ந்து வழுக்கியது. அடுத்த உருப்படிதான் செல்லோவுக்கு என்றே எழுதியது, அதை விட்டுவிடலாமா என்று அவர்களுக்குள் பேசுவது தூண் வரை கேட்டது.

"ஏனுங்க பெரியவரே," என்றார் காரமடைக்காரர், "ஒரு கல்லு அண்டக் குடுத்தாப் போதாதுங்களா?"

என் கிண்ணி தலைக்கு மேலே, மாடியில், அலமாரிக்குள் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் ஒரு நொடியில் தீரும். எடுக்க வேண்டுமானால் படியை மிதிக்க வேண்டும். மிதித்தால் பதினெட்டு வருடம் நான் பிடித்ததெல்லாம் என்ன ஆவது? அந்தப் பெண் வில்லை மடியில் வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சும்மா உட்கார்ந்திருந்தாள் மாப்பிள்ளை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

எழுந்தேன். அப்போதுதான் அலமாரிச் சாவி ஞாபகம் வந்தது. அது உன்னோடு போயிற்றோ, எங்கே போயிற்றோ. நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தபோது உன் அக்கா தன் பர்ஸைத் திறந்து, ஜெபமாலைக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது உங்கிட்ட எப்படி?"

"மொதல்ல போங்க. பொறகு சொல்றேன்."

மாடிப் படிக்கட்டின் பல்பு எரியவில்லை. சுழல் படி, உனக்குத் தெரியுமே, பகலிலேயே இருட்டு. மெழுகுவத்தியை எடுத்துப் பற்றவைத்தேன். பனியன் பெண் பதறிக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, தாத்தா! அணைங்க! நான் செல்லுல டார்ச் அடிக்கிறேன்!"

"எங்க கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறதுக்கு நான் உங்கிட்டக் கேக்கோணுமா? அந்தப் புள்ள வாசிக்கோணுமா வேண்டாமா?"

"வாசிக்கணும்."

"அப்ப வா."

அவள் ஒரு நிமிடம் விழித்தாள். அப்புறம் அந்தச் சிவப்புச் சிலிண்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஏறினாள். முன்னால் மெழுகுவத்தியோடு நான், பின்னால் சிலிண்டரோடு அவள். முதல் படியில் கால் வைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. இடியும் விழவில்லை. முட்டிதான் வலித்தது.

உன் கீபோர்டு மூலையில் போர்த்தியிருந்தது. அதைப் பார்க்காமல் அலமாரிக்குப் போனேன். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. பூட்டுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். துரு, பூச்சி, அறுந்த கம்பி, பிளந்த பலகை, இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டு திறந்தேன்.

ஊதா நிற உறை. தவக்காலத்தில் சுரூபங்களை மூடுகிற அதே துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. அதை நீக்கினேன். செல்லோ நின்றது. நான் வைத்த மாதிரி இல்லை, நான் வைத்ததைவிட நன்றாக. நாலு கம்பியும் புதுசு. கம்பிகளைத் தாங்குகிற குதிரை நேராக நிற்கிறது. வில்லின் மயிர் தளர்த்தி வைத்திருக்கிறது. அந்துருண்டை வாசனை. கிண்ணி தொலைந்துபோகாமல் இருக்க அடிக்கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. வயலின் பெட்டிக்குப் பிடி அறுந்தபோது நீ போடுகிற முடிச்சு.

விரலால் ஒரு கம்பியைச் சுண்டினேன். அந்த இருட்டில் அது எவ்வளவு நேரம் நின்று ஒலித்தது!

"தாத்தா, அழறீங்களா?"

"மெழுகு கையில பட்டுச்சு அம்மணி."

மெழுகு படவில்லை. அட்டை வட்டம் இருந்தது.

கிண்ணியை அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். மெழுகுவத்தியை அணைக்க மறந்தே போனேன். ஒரு கையில் அது, ஒரு கையில் கிண்ணி, கண்ணெல்லாம் மங்கல். கோயிலின் பின்பக்கம் இறங்கி, இருட்டிலிருந்து நடுப்பாதை வழியாகப் பீடத்தை நோக்கி நடந்தேன். என் பின்னாலேயே சிலிண்டர்.

எத்தனை வருடப் பழக்கம்! இருட்டுக் கோயிலுக்குள் பின்னாலிருந்து ஒற்றைச் சுடர் வந்தால் நம் ஆட்களுக்கு ஒன்றுதான் தெரியும். சிலுவை போட்ட அதே பாட்டி, "இறைவனுக்கு நன்றி" என்று பாஸ்காவில் சொல்கிற பதிலை ராகத்தோடு சொல்லிவிட்டு, பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்து என் சுடரில் ஏற்றிக்கொண்டார். அவரிடமிருந்து பக்கத்தில் இருந்தவர். அவரிடமிருந்து அடுத்த பெஞ்சு. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்பக்கம் முழுக்க நெருப்பு, உண்மையான நெருப்பு. முகங்கள் அசைந்தன. கூரை அசைந்தது.

"அய்யோ! வேண்டாம்! அங்கிள்! பாட்டி!" என்று பனியன் பெண் சிலிண்டரை யார் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

முன் வரிசையில் இருந்த பங்குச்சாமியார் எழுந்து திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல், "பத்திரமா நேராப் புடிச்சுக்குங்க! சேலை முந்தானை பாத்து!" என்று மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். காரமடைக்காரர் உன் அக்காவிடம் கேட்டாராம், "ஏனுங்கம்மா, மிச்சம் ஒண்ணு இருக்குங்களா?" உன் அக்கா தன்னுடையதை ஒடித்துப் பாதி கொடுத்தாளாம்.

கிண்ணியைத் தரையில் வைத்தேன். அந்தப் பெண் கம்பியை அதற்குள் ஊன்றி, ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு பதினெட்டு வருடம் காத்திருக்கலாம்.

பிறகு அவள் வாசித்தாள். அதை எப்படி எழுதுவது? எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. லேத்தில் நல்ல உளி பிடித்தால் கன்மெட்டல் சுருள் அறுபடாமல் நீளமாக வந்துகொண்டே இருக்குமே, அப்படி வந்தது. முடிந்ததும் கை தட்டுவதா, ஆமென் சொல்வதா என்று நம் ஆட்களுக்குக் குழப்பம். பாதிப்பேர் தட்டினார்கள், பாதிப்பேர் சொன்னார்கள். காரமடைக்காரர் இரண்டும் செய்தார்.

எல்லாம் முடிந்து வெளியே மரத்தடியில் நின்றபோதுதான் உன் அக்கா வாயைத் திறந்தாள்.

"பூட்டு சுளுவாத் தெறந்துச்சுங்களா? ஈஸ்டருக்கு முன்னாலதான் எண்ணெ விட்டேன்."

"நீயா?"

"உறையுந்தான் நான் தைச்சேன். மாசா மாசம் தம்பிதான் எடுத்துத் தொடைச்சு வெப்பான். 'மாமா வந்து கேட்டா உடனே வாசிக்கற மாதிரி இருக்கோணும் அக்கா'ம்பான். அவன் போன பொறகு நான் பாத்துக்கறேன். முட்டி வலி முட்டி வலின்னு உங்ககிட்டச் சொல்றதெல்லாம் அந்தப் படி ஏறித்தானுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும் வந்திருப்பீங்களாக்கும்?"

அவளே மறுபடி சொன்னாள்.

"ஒருக்கா அவனே வாசிச்சும் பாத்தான். எருமை கத்தற மாதிரி இருந்துச்சு. 'இது மாமாவுக்கு மட்டுந்தான் அடங்கும்'னு வெச்சுப்போட்டான்."

ஏன் மாப்பிள்ளை, அதை என் முகத்துக்கு நேராக ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன? வாசலில் செருப்பு மாட்டிய அன்றைக்கு, நான் வெடுக்கென்று பேசினாலும் நீ கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கக் கூடாதா? சரி, நானாவது வந்திருக்கலாம். இதை ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன். இரண்டாம் தடவை தேடாதே.

அதற்குள் அந்த செல்லோப் பெண் கிண்ணியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சார், இதை யார் செஞ்சது?"

"நானுங்க."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்லீங்க. வழுக்குச்சு, செஞ்சேன்."

"நீங்களும் வாசிப்பீங்களாமே, இந்த அம்மா சொன்னாங்க. எப்படி வில் பிடிப்பீங்க?"

காட்டினேன், காற்றில். அரம் பிடிக்கிற மாதிரி. உன் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் திருத்தவில்லை. தன் கையையும் அதே மாதிரி வைத்துப் பார்த்துவிட்டு, "கனமான ஒலி வரும் இல்ல?" என்றாள். வரும் அம்மணி, வரும்.

அப்புறம் தயங்கிக்கொண்டே கேட்டாள். "சார், இதை நான் வெச்சுக்கட்டுமா? நாளைக்கு வேற ஊர்ல வாசிப்பு இருக்கு."

நான் யோசிக்கவே இல்லை மாப்பிள்ளை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இல்லீங்க அம்மணி. எனக்கு அது வேணும்."

உன் அக்கா திரும்பினாள். "உங்களுக்கு என்னத்துக்குங்க?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை. எட்டு மணிப் பூசைக்கு."

உன் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரத்துல வெரலு வளையுமா?" என்றாள். அந்தப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பனியன் பெண் அவள் ஊன்றுவதற்கு ஒரு பலகையும் கயிறும் தேடிக் கட்டிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில் நான் என் பழைய கூட்டாளியின் பட்டறைக்குப் போய் லேத்தில் நின்றேன். கை நடுங்கும் என்று பயந்தான். நடுங்கவில்லை. அதே அளவு, அதே வாஷர். பார்சல் சென்னைக்குப் போய்விட்டது.

நேற்று மாலை மாடிக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். இப்போது கீபோர்டு வாசிப்பது உன்னிடம் கற்றுக்கொண்ட பெண்தான். நான் உட்கார்ந்ததும் அவள் ஒரு பொத்தானை அணைத்தாள். எதை என்று நான் கேட்கவில்லை. காணிக்கைப் பாட்டுக்கு நீ போட்ட மெட்டுக்குக் கீழே நாலு சுரம் வைத்தேன். முதல் இரண்டு எருமை மாதிரி இருந்தது. மூன்றாவது பரவாயில்லை. நாலாவதில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். நீ அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லையே, அதற்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

கீபோர்டு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. கிரானைட் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. இதில் மாற்றம் இல்லை. அந்தச் செல்லோவை அத்தனை வருடம் துடைத்து வைத்தாயே, அது ஒன்றில் மட்டும் நீ சரி.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறுவேன். உன் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவேன். அவள் அந்தப் பொத்தானை மறுபடி அமுக்கினால் வில்லை வைத்துவிட்டு எழுந்து இறங்கிவிடுவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் மாப்பிள்ளை, இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு: இறங்கினாலும், மறு ஞாயிறு மறுபடி ஏறுவேன்.

உன் அக்காவைக் கட்டியவன், உன் முடிச்சை அவிழ்த்தவன்,
உன் மாமன் சூசை